பித்தப்பையும் பிறந்த திகதியும்

குலசிங்கத்தாரை நான் முதலில் சந்தேகப்பட்டேனா, அவர் என்னை முதலில் சந்தேகப்பட்டாரா என்று கேட்டால், சத்தியமாக அவர்தான். பதினொரு வருடங்களுக்கு முன்னர் என் கந்தோருக்குள் வந்தவர் கதிரையில் உட்காரவில்லை. நேரே சுவரில் தொங்கிய என் உரிமப் பத்திரத்தடிக்குப் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அது எந்த வருடத்தோடு முடிகிறது என்று வாசித்தார். பிறகு திரும்பி, "இது ஒறிஜினலோ, கொப்பியோ?" என்று கேட்டார்.

"ஒறிஜினலை ஆரும் ஆணியிலை தொங்கவிடுவினமோ அண்ணை? கொப்பிதான்."

"அப்ப ஒறிஜினல் எங்கை?"

அன்றைக்கே எழுப்பி அனுப்பியிருக்க வேண்டும். வியாபாரம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

என் பெயர் றீற்றா. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், பல் வைத்தியருக்கும் வருமான வரி செய்து கொடுப்பவருக்கும் நடுவில் இருந்து பயணக் காப்புறுதி விற்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. காப்புறுதிக்காரியிடம் சனம் உண்மை பேசாது. "பிரஷர் இருக்கோ?" என்றால் "சீச்சீ" என்பார்கள். கையெழுத்து வைக்கப் பேனை தேடிக் கைப்பையைக் கவிழ்க்கும்போது பிரஷர்க் குளிசைப் போத்தல் உருண்டு வந்து என் மடியில் விழும். அதனால் நானும் ஒருவரையும் நம்புவதில்லை. என்னைப் பெற்ற தாய் வந்து காப்புறுதி கேட்டாலும் டொக்டரின் கடிதம் கொண்டுவரச் சொல்வேன்.

குலசிங்கத்தார் எண்பத்தெட்டில் அகதியாக வந்தவர். பார்க்டேலில் ஏழு பேரோடு ஓர் அறையில் தொடங்கி, மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் சமையற்கூடத்தில் இருபத்தாறு வருடம் நின்று உழைத்து, ஒஷாவாவில் ஒரு சின்ன வீடு வாங்கினார். கலியாணம் கட்டவில்லை. தனியாள். தபாலில் வரும் விளம்பரக் கடிதத்தில்கூடத் தன் பெயர் இருக்கும் துண்டை வெட்டி எரிப்பார். தொலைபேசி அடித்தால் எடுத்துவிட்டுப் பேசமாட்டார்; மற்றப் பக்கம் யார் என்று தெரிந்த பிறகுதான் "ஹலோ". ஆனால் எனக்கு அவரைப்போல் நல்ல வாடிக்கையாளர் கிடையாது. பஃபலோவுக்குக் காலையில் போய்ப் பின்னேரம் திரும்புவதென்றாலும் காப்புறுதி எடுப்பார். அமெரிக்காவில் தடுக்கி விழுந்தாலே வீட்டை எழுதி வாங்கிவிடுவார்கள் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதில் முழுப் பிழை என்றும் நான் சொல்லமாட்டேன்.

போன வருடம் ஆனி மாதம் நியூ ஜேர்சியில் அவருடைய அக்கா குணவதியின் மகளுக்குக் கலியாணம். பத்து நாளுக்குக் காப்புறுதி எழுதினேன். அறுபத்தெட்டு வயதுக்கு உரிய கட்டணம். இருபத்தெட்டுப் பக்கத்தையும் என் முன்னால் இருந்தே வாசித்தார். எனக்கு மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

இனி அவர் செய்த புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். கலியாண வீட்டில் நாலு பேர் வந்து போவார்கள், கள்ளர் இருப்பார்கள் என்று நினைத்து, பாஸ்போட், பணப்பை, காப்புறுதிப் பத்திரம் எல்லாவற்றையும் அக்கா வீட்டில் சூட்கேசுக்குள் வைத்து இலக்கப் பூட்டுப் போட்டுவிட்டு, வெறும் வேட்டி சால்வையோடு மண்டபத்துக்குப் போயிருக்கிறார். தாலி கட்டி முடிந்து பந்தியில் இருக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தது. ஸ்ரெச்சரில் கிடந்துகொண்டு அந்த மனிசன் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு எத்தினை டொலர்? ராக்சி பிடியுங்கோ" என்பதுதானாம். இரண்டாவது கேள்விக்கு முன்னர் நினைவு போய்விட்டது.

பித்தப்பை அழுகி வெடிக்கும் நிலையில் இருந்தது. அன்றே வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கருமபீடத்தில் பெயர், விலாசம், பிறந்த திகதி எல்லாம் சொல்லிப் பதிந்தவர் குணவதி அக்கா. பட்டுச் சேலையோடு நின்றபடியே, தம்பி அவசரத்துக்கென்று எழுதிக் கொடுத்திருந்த என் இலக்கத்துக்குப் போன் எடுத்தா. நான் மீன்கடையில் நின்றேன். இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் கொம்பனிக்கு அறிவிக்காவிட்டால் ஒரு சதமும் தரமாட்டார்கள் என்பது விதி. வெட்டிய மீனை அங்கேயே விட்டுவிட்டு, காருக்குள் இருந்து அவசர இலக்கத்துக்கு அடித்துக் கோப்புத் திறந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு அந்த மனிசன் என்னைக் கேட்ட கேள்விகளுக்கு இதையாவது நினைத்திருக்கலாம்.

மூன்று நாளில் ஆளை அனுப்பிவிட்டார்கள். ஆடி மாதம் தொடங்கி பில்கள் வந்தன. ஒன்ராறியோ ஆஸ்பத்திரியில் அரசாங்க அட்டையைக் காட்டிவிட்டுக் காசில்லாமல் வீட்டுக்கு வந்து பழகிய ஆளுக்கு, ஒரு வயிற்றுக்கு ஏழு பில் வரும் என்பது விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒன்று. அம்புலன்சுக்கு வேறு. வெட்டியவருக்கு வேறு, மயக்க மருந்து கொடுத்தவருக்கு வேறு, இரத்தம் சோதித்தவருக்கு வேறு, படம் எடுத்த மெசினுக்கு ஒன்று, அந்தப் படத்தை ஒருக்கால் பார்த்துத் தலையாட்டியவருக்கு இன்னொன்று. எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம் அமெரிக்க டொலர். ஒன்ராறியோ அரசாங்கம் இதில் தருவது ஒரு மூலைக்கும் காணாது.

பில்களை விரிவாக அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். அது பிழையாகப் போயிற்று. பதினாறு பக்கம் வந்தது. ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுக்கொண்டு என் கந்தோரில் வந்து இருந்தார்.

"வழுக்காத காலுறை ஒரு சோடி, நாப்பத்தொரு டொலர் எண்டு போட்டிருக்கிறாங்கள். அந்தக் காலுறையை நான் கொண்டுவரேல்லை. கட்டிலிலை கழட்டி வைச்சிட்டு வந்தனான். கழிக்கச் சொல்லும்."

"அண்ணை, உங்களுக்கென்ன? கொம்பனிதானே கட்டப்போகுது."

"கட்டுவாங்கள் எண்டு நீர் எழுதித் தருவீரோ?"

எழுதிக் கொடுக்காதது என் நல்ல காலம். புரட்டாதியில் கொம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவின்படி அங்கே ஒப்பரேசன் செய்துகொண்டவர் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றில் பிறந்தவர். எங்களிடம் காப்புறுதி எடுத்தவரோ ஐம்பத்தேழில் பிறந்தவர். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை நிரூபிக்க முப்பது நாள் தருகிறோம். அதுவரைக்கும் கோப்பு விசாரணையில் இருக்கும்.

வாசித்ததும் எனக்கு உச்சி கொதித்தது. எனக்கு இது புதிதில்லை. எட்டு வருடத்துக்கு முன்னர் ஒரு குடும்பம், காப்புறுதி இல்லாத மச்சானை அண்ணனுடைய பெயரில் படுக்க வைத்து மருந்து செய்துவிட்டு வந்தது. விசாரணை என்னுடைய கந்தோர் வரைக்கும் வந்து, உரிமம் போய்ச் சேரப் பார்த்தது. ஓகோ, அதுதானா சங்கதி என்று நினைத்தேன். நியூ ஜேர்சியில் காப்புறுதி இல்லாத ஓர் உறவுக்காரனை இந்த ஆளின் பெயரில் வெட்டியிருக்கிறார்கள். பாஸ்போட்டைச் சூட்கேசில் பூட்டி வைத்த கதையும் அப்போதுதான் எனக்கு நாறத் தொடங்கியது. பேய்க்காட்டிவிட்டார் மனிசன்.

போன் எடுத்து வரச்சொன்னேன். வந்தார். கதவைச் சாத்தினேன்.

"சேட்டைத் தூக்குங்கோ."

"என்ன?"

"வெக்கப்படாதேங்கோ. வயித்தைக் காட்டுங்கோ. இல்லாட்டி இப்பவே கொம்பனிக்கு எழுதிப் போடுவன்."

அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சேட்டைத் தூக்கி, அரைவாசி திரும்பிக் காட்டினார். தொப்புளடியில் ஒன்று, விலாவுக்குக் கீழே மூன்று, ஆறியும் ஆறாத சின்னத் தழும்புகள். ஒப்பரேசன் இவருக்குத்தான்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. "அப்ப அறுபத்தொண்டு எங்காலை வந்தது?" என்று கேட்டேன்.

"தட்டச்சுப் பிழை. அமெரிக்காக்காரனுக்கு ஒழுங்கா எழுதத் தெரியுமே?" என்று சொல்லிக்கொண்டு பொத்தானைப் போட்டார். இரண்டு பொத்தான் இடம் மாறிப்போனது. சேட்டைத் தூக்கச் சொன்ன கோபம் என்று நினைத்தேன்.

தட்டச்சுப் பிழை என்றால் திருத்துவது சுகம். பதிவு செய்தவரே ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அவர் போன கையோடு குணவதி அக்காவுக்கு அடித்தேன். அவசரத்தில் தம்பியின் பிறந்த திகதியை மாறிச் சொல்லியிருப்பீர்கள், ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்றேன்.

அக்காவுக்கு வந்தது கோபம். "நான் மாறிச் சொல்லுவனோ? அவன் பிறக்கேக்கை எனக்கு ஒன்பது வயசு. அறுபத்தோராம் ஆண்டு செப்ரெம்பர் முப்பது, புரட்டாதிச் சனி. சனியிலை பிறந்தவன் எண்டு அம்மா வருசா வருசம் எள்ளெண்ணெய் எரிச்சவ. அவவுக்குப் பிறகு இஞ்சை கோயிலிலை நான் எரிக்கிறன். மயங்கிக் கிடந்தாலும் எனக்கு அந்தத் திகதி மறக்காது. ஆர் பிழையெண்டு சொன்னது?"

நான் "ஒருத்தருமில்லை அக்கா" என்று வைத்துவிட்டேன். போனை வைத்தபிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. பதினொரு வருடத்தில் எத்தனையோ போம் நிரப்பியிருக்கிறேன். பிறந்த திகதி என்ற இடத்துக்கு நான் வருவதற்கு முன்னரே, "மாச் பதினொண்டு, ஐம்பத்தேழு" என்று இந்த மனிசன் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். மற்றதுக்கெல்லாம் ஏன், எதற்கு என்று நூறு கேள்வி. இதற்கு மட்டும் ஒன்றுமில்லை.

அடுத்த நாள் நானே ஒஷாவாவுக்குப் போனேன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடைவெளியால் பார்த்தார். "புரட்டாதிச் சனி" என்றேன். சங்கிலி கழன்றது.

குசினி மேசையில் தேத்தண்ணி வைத்தார். தானும் குடிக்கவில்லை. யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

"என்னை இஞ்சை அனுப்பின ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டிலை படம் என்ர, பேர் என்ர. திகதி மட்டும் ஆரோ ஒருத்தற்றை. ஏன் அப்பிடிச் செய்தவன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. எயாப்போட்டிலை வெள்ளைக்காரன் கேக்க, பயத்திலை பாஸ்போட்டிலை கிடந்ததைச் சொல்லிப்போட்டன். பிறகு அகதிக் கேஸ் எழுதேக்கை திருத்துவம் எண்டு பாத்தன். மொழிபெயர்க்க வந்த ஆள், சொன்னதை ஒரு எழுத்தும் மாத்தாதையும், மாத்தினால் முழுக்கதையும் பொய்யெண்டு ஊருக்குத் திருப்பிப் பிளேன் ஏத்திப் போடுவாங்கள் எண்டார். நான் மாத்தேல்லை. அண்டு தொட்டு எல்லாத்திலையும் அதுதான். வேலை, லைசென்ஸ், சிற்றிசன், வீட்டு உறுதி. கலியாணம் பேச வந்த ஆக்கள் சாதகம் கேட்டினம். சாதகத்திலை அறுபத்தொண்டு. குடுக்கேல்லை."

"அக்காவுக்குச் சொல்லியிருந்தால் அவவும் ஐம்பத்தேழு எண்டு சொல்லியிருப்பாவே!"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஒரு வாய்க்குத் தெரிஞ்சால் பத்து வாய்க்குத் தெரியும்."

இப்படியும் ஒரு மனிசன் இருப்பானா! முப்பத்தேழு வருடமாகக் கூடப்பிறந்தவளுக்கே ஒளித்து, அந்த ஒளிப்பே கடைசியில் வயிற்றில் வந்து முட்டியிருக்கிறது. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இன்னொன்றும் விளங்கியது. கடதாசிக் கணக்கில் அறுபத்தைந்து வந்ததும் அரசாங்கம் முதியோர் பென்சன் அனுப்பத் தொடங்கிவிட்டது. உண்மையில் அப்போது அவருக்கு அறுபதுதான். மூன்று வருடத்துக்கு மேலாக, தனக்கு இன்னும் வராத வயதுக்குக் காசு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"வேண்டாம் எண்டு எழுதினால் ஏன் எண்டு கேப்பாங்கள். அதுதான் எடுத்தன்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். விற்கிற எங்களில் எத்தனை பேர் அதை முழுதாக வாசிக்கிறோம் என்று கேட்காதீர்கள். இருபத்து மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. வயது பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தால், சரியான வயதுக்கு உரிய கட்டணம் கணிக்கப்பட்டு வித்தியாசம் அறவிடப்படும் அல்லது திருப்பித் தரப்படும். காப்புறுதி செல்லும். அவர் கூடின வயதுக்குக் கட்டியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் கொம்பனி பில்லையும் கட்டவேண்டும், அவருக்கு மிச்சமும் கொடுக்கவேண்டும்! மாதாவே என்று கத்தி, படுத்திருந்த என் மனிசனை எழுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் என் கந்தோரில் இருந்து குலசிங்கத்தார் அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தார். முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை.

"உப்பிடி நல்லது நடக்குமெண்டு ஆரும் எழுதி வைப்பாங்களே? இது ஆளைப் பிடிக்கிறதுக்கு வைச்ச பொறி. நான் திகதியைச் சொல்ல, அவங்கள் அதைக் கவுண்மேந்துக்குச் சொல்ல, பென்சனும் போய் சிற்றிசனும் போயிடும்."

"நான் லோயர் இல்லை அண்ணை. ஒரு நல்ல லோயரிட்டைப் போங்கோ."

"லோயரிட்டை மொழிபெயர்ப்பாளர் இருப்பார்."

"உங்களுக்கு இங்கிலிசு தெரியும்தானே!"

 அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "இவ்வளவு ஓடித் திரியிறீர். இதிலை உமக்கென்ன லாபம்?"

வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. பத்திரத்தைத் தூக்கி அவர் மடியில் போட்டுவிட்டு, வீட்டை விற்றுக் கட்டுங்கோ என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன். அவரும் ஓம், விக்கிறன் என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினார். விற்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டு போனார். அந்தத் திகதியை வாயால் சொல்வதைவிட, இருபத்தாறு வருடம் நின்று உழைத்த வீட்டைக் கொடுப்பது அவருக்கு லேசாக இருந்தது.

கொம்பனி கொடுத்த தவணையில் ஒன்பது நாள் மிச்சம் இருக்கும்போது குணவதி அக்கா போனில் அழுதா. காசு அறவிடும் ஆட்கள் அவவுக்குத் தினமும் இரண்டு மூன்று தரம் அடிக்கிறார்களாம். ஏன் உங்களுக்கு அடிக்கிறார்கள் என்று கேட்டேன். அன்றைக்குக் கருமபீடத்தில் நீட்டிய போம்களில் எல்லாம் கையெழுத்து வைத்தேன் என்றா. அவவிடம் இருந்த பிரதியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நாலாவது போமில், நோயாளி கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று அவவுடைய ஒப்பம்.

"தம்பிக்குச் சொல்லிப்போடாதையும் பிள்ளை. ஒப்பரேசன் செய்த உடம்பு, யோசிப்பான்" என்றா.

சொல்லாமல் விடுவேனா? அன்று பின்னேரமே ஒஷாவாவில் நின்றேன். போமின் படத்தைக் காட்டினேன். கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அக்கா ஏன் இதை வாசிக்காமல் வைச்சவ?"

"தம்பிக்கு வயித்தை வெட்டப் போறாங்கள் எண்டு நிக்கேக்கை ஆரும் வாசிப்பினமோ? எல்லாரும் உங்களைப்போல எண்டு நினைச்சீங்களோ?"

அவர் எழும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டைத் திறந்தார். உறைந்த மீன் பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அடியில், மூன்று பிளாஸ்ரிக் பைகளுக்குள் சுற்றி, அவருடைய பிறப்புப் பத்திரம் இருந்தது. வீடு எரிந்தாலும் அது எரியாதாம்.

"கொம்பனிக்கு அடியும்" என்றார்.

இரண்டு நாள் கழித்துத்தான் விசாரணைக்கு நேரம் தந்தார்கள். ஷரோன் என்ற பெண் பேசினாள். கதை பதிவு செய்யப்படுகிறது என்று முதலிலேயே சொன்னாள். என் கந்தோரில் போனை மேசை நடுவில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, இரண்டு பேரும் இரண்டு பக்கம் இருந்தோம். பிறப்புப் பத்திரம், டொக்டரின் கடிதம், தழும்பின் படம் எல்லாம் அவளுக்கு முன்னரே அனுப்பியாயிற்று. பெயரைக் கேட்டாள். விலாசத்தைக் கேட்டாள். பிறகு, "உங்கள் சரியான பிறந்த திகதியைச் சொல்ல முடியுமா?" என்றாள்.

அவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.  ஷரோன் "ஹலோ?" என்றாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார்.

"செப்ரெம்பர் முப்பது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்று. மற்றது பழைய பாஸ்போட்டில் வந்த பிழை. இவ்வளவு காலமும் நான் திருத்தவில்லை."

மற்றப் பக்கம் விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. "நன்றி. பித்தப்பையில் இதற்கு முன்னர் எப்போதாவது நோவு வந்ததுண்டா?" என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அவள் போனை வைத்த பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உவள் ஏன் ஒண்டும் கேக்கேல்லை? உதுக்குள்ளை ஏதோ சுத்துமாத்து இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்று கிழமை தினமும் தபால்பெட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறார், பொலிஸ் கடிதம் வரும் என்று.

வந்தது கொம்பனியின் கடிதம். ஏழு பில்லும் நேரடியாகக் கட்டியாயிற்று. குணவதி அக்காவுக்குப் பொறுப்பு இல்லை என்று ஆஸ்பத்திரியும் எழுதியிருந்தது. கூடவே ஒரு காசோலை. வயது குறைந்ததால் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டணம், நாற்பத்திரண்டு டொலர்.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என் கந்தோருக்கு வந்தார். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. "பாத்தீங்களே அண்ணை, நாலரை வயசு குறைஞ்சதுக்குக் காசும் தந்திருக்கிறாங்கள். இனிப் பொம்பிளை பாப்பமோ?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எப்போதும் இல்லாமல், கதவுப் பக்கம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"பென்சன் கந்தோருக்கு நாளைக்குப் போறன். அந்தக் காசிலை நான் ஒரு சதம் தொடேல்லை. எடுக்கச் சொல்லிக் குடுக்கப் போறன்" என்றார்.

"லோயரோடை போங்கோ."

"ஓம். லோயரோடைதான்." காசோலையை விரலால் தடவினார். "றீற்றா, அந்தப் பொம்பிளை தாங்ஸ் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாள், என?"

"ஓம் அண்ணை."

"ரெண்டாயிரத்து ரெண்டிலை அம்மாவைக் கூப்பிட ஸ்பொன்சர் போம் எடுத்தனான். தாயும் மகனும்தான் எண்டு காட்ட என்ர பிறப்புப் பத்திரம் கேட்டிருந்தது. மூண்டு மாதம் அதை வைச்சுப் பாத்துக்கொண்டு இருந்தன். பிறகு போமைக் கிழிச்சுப் போட்டன். குளிர் ஏலாது, வரமாட்டன் எண்டு அம்மா சொல்லுறா எண்டு அக்காவுக்குச் சொன்னன். கவுண்மேந்து விடுகுதில்லை எண்டு அம்மாவுக்குச் சொன்னன். ரெண்டு பேருக்கும் நடுவிலை கதை கொண்டுபோறது நான்தான். ஆறு வருசம், ஒவ்வொரு ஞாயிறும் போனிலை, 'இன்னும் விடேல்லையோ தம்பி, இன்னும் விடேல்லையோ' எண்டு கேட்டவ. கேட்டுக் கேட்டே செத்துப்போனா. அக்கா இண்டைக்கும், அம்மா பிடிவாதக்காரி, பிள்ளையளிட்டை வரமாட்டன் எண்டு நிண்டவ எண்டு மனம் நொந்துகொண்டுதான் இருக்கிறா."

   பில் கட்டுப்பட்ட விஷயத்தை அக்காவுக்கு நான் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"நான் சொல்லுறன்" என்று என்னுடைய போனை இழுத்து இலக்கத்தை அடித்தார். இரண்டாவது மணி அடிக்கும்போதே குணவதி அக்கா எடுத்துவிட்டா. தம்பியின் குரல் கேட்டதும் அவ "உடம்பு எப்பிடி, சாப்பிட்டியோ" என்று கேட்கத் தொடங்கினது எனக்கும் கேட்டது.

அவர் மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அம்மா வரமாட்டன் எண்டு சொல்லேல்லை" என்றார்.